வீல் ஸ்டட்டும் அனாமத்துக் கணக்கும்

அச்சாணி இல்லாத தேர் முச்சாணும் ஓடாது என்பது பழமொழி. தேருக்கு அச்சாணி, காருக்கு வீல் ஸ்டட். மாமல்லபுரத்து ஐந்து ரதங்களுக்கு மட்டும் இந்தக் கவலை கிடையாது. அவற்றுக்குச் சக்கரமே இல்லை! சக்கரம் வைத்த வண்டியில் போகிற மற்ற எல்லோரும் கொஞ்சம் கவனிக்க வேண்டிய விஷயம் இது.

காரின் ஒவ்வொரு சக்கரத்தையும் ஹப்போடு பிடித்து வைத்திருப்பவை நான்கோ ஐந்தோ ஸ்டட்கள். சுண்டுவிரல் தடிமன்கூட இல்லாத இரும்புத் துண்டுகள். அதில் ஒன்று உடைந்துபோகிறது. மாற்றுகிறார்கள். மறுபடி உடைகிறது. மறுபடி மாற்றுகிறார்கள். மறுபடியும்... செங்கல்பட்டு பைபாஸ் ஆகட்டும், ஈ.சி.ஆர். ஆகட்டும், பஞ்சர் கடை வாசலில் கேட்கிற வசனம் ஒன்றுதான்.

"டூப்ளிகேட் ஸ்டட் சார். ஒரிஜினல் போட்டுடறேன், இனிமே ஒண்ணும் ஆகாது."

ஒரிஜினல் போடுவார். இரண்டு மாதம் ஓடும். மறுபடி 'டப்'. இப்போது வசனம் மாறும். "ரோடு சரியில்ல சார்." அதற்கடுத்த தடவை, "கடல் காத்து சார், உப்பு அரிச்சிடுது." அதற்கும் அடுத்த தடவை எலுமிச்சம்பழமும் பச்சை மிளகாயும் வந்துவிடும்.

சொல்ல வேண்டியது ஒன்றே ஒன்றுதான். ஒரே சக்கரத்தில் இரண்டாவது தடவையாக ஸ்டட் உடைந்தால், குறை ஸ்டட்டில் இல்லை என்று எடுத்துக்கொண்டு வேறு இடத்தில் தேட வேண்டும். காரணத்தைத் தேடாமல் இன்னொரு புது ஸ்டட் போடுவதற்கு ரிப்பேர் என்று பெயர் கிடையாது. அடுத்த உடைப்புக்குத் தேதி குறித்துக் கொடுக்கிற வேலை அது.

இருப்பாய்வு டேலி ஆகிவிட்டால் போதுமா?

பிளஸ் டூவில் காமர்ஸ் படித்தவர்களுக்கு இது சட்டென்று புரியும். இருப்பாய்வில் பற்றுப் பக்கமும் வரவுப் பக்கமும் ஒத்து வரவில்லை. வித்தியாசத் தொகையைத் தூக்கி அனாமத்துக் கணக்கில் போட்டால் இரண்டு பக்கமும் பார்வைக்குச் சமமாகிவிடும். ஆனால் அதோடு பேனாவை மூடிவை என்று எந்த வாத்தியாரும் சொன்னதில்லை. பிழை எங்கே என்று தேடு, திருத்தப் பதிவு போடு, அனாமத்துக் கணக்கு பூஜ்ஜியம் ஆகிற வரைக்கும் விடாதே என்பதுதான் பாடம்.

புது ஸ்டட் என்பது அந்த அனாமத்துக் கணக்குதான். வண்டி ஓடும். பார்ப்பதற்கு எல்லாம் சரியாக இருக்கும். பிழை மட்டும் உள்ளே அப்படியே உட்கார்ந்திருக்கும். கணக்குப் புத்தகத்தில் பிழையை விட்டுவைத்தால் மார்க் போகும், சக்கரத்தில் விட்டுவைத்தால் ஆள் போகும்.

ஸ்டட் சுமையைத் தாங்குவது இல்லை!

பலரும் நினைத்துக்கொண்டிருப்பது இப்படி: காரின் எடை முழுவதும் ஸ்டட்டின் மேல் உட்கார்ந்திருக்கிறது, அதனால் ஸ்டட் கெட்டியாக இருந்தால் உடையாது. இந்த நினைப்பில்தான் கோளாறே ஆரம்பிக்கிறது.

ஸ்டட் ஒரு ஸ்பிரிங். நட்டை இறுக்கும்போது அது கண்ணுக்குத் தெரியாத அளவு நீள்கிறது. நீண்டது சுருங்கப் பார்க்கிறது. அந்தச் சுருங்கும் விசைதான் சக்கரத்தை ஹப்பின் முகத்தோடு அழுத்திப் பிடிக்கிறது. அப்படி அழுத்தும்போது இரண்டு பரப்புகளுக்கும் நடுவில் வருகிற உராய்வுதான் வண்டியின் சுமையைத் தாங்குகிறது, பிரேக் பிடிக்கும்போது சக்கரத்தை நழுவாமல் நிறுத்துகிறது.

எவ்வளவு அழுத்தம்? 12 மி.மீ. ஸ்டட்டில் நட்டை 100 நியூட்டன் மீட்டருக்கு இறுக்கினால், எண்ணெய் படாத சுத்தமான மரையில் சுமார் 4 டன் பிடிப்பு கிடைக்கும். நான்கு ஸ்டட்டுக்கு 16 டன். இதில் ஏழில் ஒரு பங்குதான் உராய்வாகக் கிடைக்கிறது என்று கஞ்சத்தனமாகக் கணக்குப் போட்டாலும் 2 டன்னுக்கு மேல் வருகிறது. ஒரு டன் எடையுள்ள காரில் ஒரு சக்கரத்தின் பங்கு 250 கிலோ சொச்சம். ஆக, பிடிப்பு சரியாக இருக்கிற வரைக்கும் ஸ்டட்டின் மேல் பக்கவாட்டுச் சுமை விழுவதே இல்லை எனலாம்.

பிடிப்பு தளர்ந்தால்? அப்போது சக்கரம் ஹப்பின் மேல் மயிரிழை அளவு நகர ஆரம்பிக்கும். ஒவ்வொரு சுற்றுக்கும் ஸ்டட் ஒரு தடவை இப்படி வளையும், ஒரு தடவை அப்படி வளையும். செங்கல்பட்டிலிருந்து திருக்கழுக்குன்றம் வழியாக மாமல்லபுரம் சுமார் 30 கி.மீ. சக்கரத்தின் சுற்றளவு 1.8 மீட்டர் என்று வைத்துக்கொண்டால் ஒரு நடைக்குச் சுமார் 16,600 சுற்று. தினமும் போய்வருகிறவருக்கு 33,000. மாதம் 25 நாள் வேலைக்குப் போனால் எட்டு லட்சம் தாண்டும். குண்டூசியை முன்னும் பின்னும் பத்துத் தடவை வளைத்தால் என்ன ஆகும் என்று எல்லோருக்கும் தெரியும். எட்டு லட்சம் தடவை வளைத்தால்? ஒரிஜினல் ஸ்டட்டாக இருந்தாலும் உடையத்தான் செய்யும்.

எனவே கேட்க வேண்டிய கேள்வி "ஸ்டட் ஏன் உடைந்தது?" என்பது இல்லை. "பிடிப்பு ஏன் போனது?" என்பது.

சாக்குகளை ஒவ்வொன்றாகப் பார்ப்போம்

*ரோடு சரியில்லை.* சரி. முன் இடது சக்கரம் இறங்கிய பள்ளத்தில்தான் பின் இடது சக்கரமும் இறங்கியது. அது ஏன் உடையவில்லை? அதே ரோட்டில் ஷேர் ஆட்டோ போகிறது, மீன் வண்டி போகிறது, பின்னால் நிரம்பி வழிகிற டவுன் பஸ் போகிறது. பள்ளம் எல்லோருக்கும் பொது. ஒரே காரின் ஒரே சக்கரத்தை மட்டும் தேடிப் பிடித்துப் பழிவாங்குகிற பள்ளம் உலகத்தில் இல்லை. மோசமான ரோடு ஏற்கனவே இருக்கிற குறையைச் சீக்கிரம் காட்டிக் கொடுக்கும், அவ்வளவுதான்.

*உப்புக் காற்று.* இதில் பாதி உண்மை இருக்கிறது. கடற்கரைக் கோயிலின் கல்லையே உப்பு அரிக்கிறது. தொல்லியல் துறை காகிதக் கூழைப் பூசி வைத்துக் கல்லுக்குள் ஏறிய உப்பை உறிஞ்சி எடுக்க வேண்டியிருக்கிறது. கேளம்பாக்கம் உப்பளம், கோவளம், கல்பாக்கம் என்று சுற்றுகிற காருக்கு இரும்பில் துரு ஏறாமல் இருக்குமா? ஏறும். ஆனால் அது எங்கே ஏறுகிறது என்பதுதான் விஷயம். ஹப்பின் முகத்துக்கும் சக்கரத்துக்கும் நடுவில் துருச் செதில் படிகிறது. அந்தச் செதிலின் மேலேயே சக்கரத்தை வைத்து இறுக்குகிறார்கள். நூறு கிலோமீட்டர் ஓடியதும் செதில் பொடியாகிறது, நட்டு தளர்கிறது, பிடிப்பு போகிறது. மரையில் துரு இருந்தால் இறுக்குகிற விசையில் பெரும்பகுதி உராய்விலேயே வீணாகும். நட்டு 'டைட்' ஆனதுபோலத் தோன்றும், உள்ளே ஸ்டட் நீண்டே இருக்காது. இதற்கு மருந்து புது ஸ்டட் இல்லை. ஒரு கம்பி பிரஷ்ஷும் பத்து நிமிடமும். கழற்றும்போதெல்லாம் ஹப் முகத்தைத் தேய்த்துச் சுத்தம் செய்கிற கடை எத்தனை இருக்கிறது?

*டூப்ளிகேட்.* முதல் தடவைக்கு ஒப்புக்கொள்ளலாம். லேத்தில் சாதா இரும்பைக் கடைந்து மரை வெட்டிய ஸ்டட்டுகள் இருக்கத்தான் செய்கின்றன. நல்ல ஸ்டட்டில் மரையை வெட்டுவதில்லை, உருளைகளுக்கு நடுவில் அழுத்தி உருட்டி எடுக்கிறார்கள். பல ஸ்டட்டுகளின் தலையில் 8.8, 10.9 என்று தர எண்ணும் இருக்கும். ஆனால் கம்பெனி ஸ்டட் போட்ட பிறகும் உடைந்தால் இந்தச் சாக்கு அங்கேயே செத்துப்போனது. மூன்றாவது தடவையும் அதையே சொன்னால், மரை கழன்றது ஸ்டட்டில் இல்லை!

*திருஷ்டி.* எலுமிச்சம்பழத்தைச் சக்கரத்துக்கு அடியில் வைத்து நசுக்குவதில் யாருக்கும் நஷ்டம் இல்லை. நசுக்குவதற்கு முன்னால் நட்டைச் சரிபார்த்துவிட்டால் போதும்.

'கன்' என்கிற கண்ணுக்குத் தெரிந்த குற்றவாளி

இப்போது எல்லா டயர் கடையிலும் ஏர் கன் வந்துவிட்டது. 'டர்ர்ர்ர்' என்று நாலு நட்டும் நாலு நொடியில் ஏறிவிடும். வாடிக்கையாளருக்கும் பரம திருப்தி. "நல்லா டைட் வச்சிருக்கேன் சார், ஜென்மத்துக்கும் கழலாது!"

பெரும்பாலான சிறிய கார்களுக்கு உரிமையாளர் கையேடு சொல்வது 85 முதல் 120 நியூட்டன் மீட்டருக்குள் இருக்கும். சாதாரண அரை இஞ்ச் கன் விட்டால் 400, 500 வரைக்கும் போகக்கூடியது. 10.9 தர ஸ்டட்டே என்றாலும் 12 மி.மீ. தடிமனுக்குச் சுமார் 9 டன் இழுவிசையில் அறுந்துவிடும். 100 நியூட்டன் மீட்டருக்கு 4 டன் என்றால் 300 நியூட்டன் மீட்டருக்கு எவ்வளவு? கணக்கை நீங்களே போட்டுக்கொள்ளுங்கள்.

உடனே உடைந்துவிட்டால்கூட நல்லது, கடையிலேயே தெரிந்துபோகும். ஆபத்து என்னவென்றால் உடையாமல் நீண்டுபோவது. பால்பாயிண்ட் பேனாவின் ஸ்பிரிங்கை அளவுக்கு மேல் இழுத்துவிட்டால் அது பழையபடி சுருங்காது. ஸ்டட்டும் அப்படித்தான். ஒரு தடவை எல்லை தாண்டி நீண்ட ஸ்டட்டை அடுத்த தடவை சரியாக இறுக்கினாலும் நம்ப முடியாது. கன் பிடித்தவர் டீ குடிக்கப் போய்விடுவார். உடைப்பு ஒரு மாதம் கழித்துப் பூஞ்சேரி கூட்டுரோட்டில் நடக்கும். யாரும் இரண்டையும் முடிச்சுப் போட மாட்டார்கள்.

கன்னுக்கு முந்தைய தலைமுறையும் சளைத்தது இல்லை. ஸ்பேனர் மேல் ஏறி நின்று மிதிக்கிற வழக்கம்! 40 செ.மீ. நீள ஸ்பேனரின் நுனியில் 70 கிலோ ஆள் நின்றால் சுமார் 275 நியூட்டன் மீட்டர். குதித்தால் இன்னும் மேலே. அதே ஸ்பேனரின் நுனியில் கையால் 25 கிலோ விசை கொடுத்தாலே 100 நியூட்டன் மீட்டர் வந்துவிடும்.

இன்னொரு பழக்கம், "துருப் பிடிக்காம இருக்க" மரையில் கிரீஸ் தடவுவது. நல்ல எண்ணம்தான். ஆனால் கையேட்டில் இருக்கிற எண் பெரும்பாலும் உலர்ந்த மரைக்கானது. கிரீஸ் தடவினால் உராய்வு குறைந்து, அதே இறுக்கத்துக்கு மூன்றில் ஒரு பங்கு கூடுதல் இழுவிசை ஸ்டட்டில் ஏறிவிடக்கூடும். கன்னும் கிரீஸும் சேர்ந்தால் கேட்கவே வேண்டாம்.

உடைந்த ஸ்டட்டிடம் நாலு கேள்வி

உடைந்த ஸ்டட்டைப் பெரும்பாலும் குப்பையில் வீசிவிடுகிறார்கள். வழக்கின் ஒரே சாட்சி அது! அதைக் கையில் வைத்துக்கொண்டு கேட்க வேண்டியவை நாலு.

1. எந்தச் சக்கரம்? ஒரே சக்கரத்தில் திரும்பத் திரும்ப என்றால் அந்த ஹப், அந்த டிஸ்க், அந்த வீல் ஆகிய மூன்றில் ஏதோ ஒன்று. ஹப் முகம் கோணலா, துருவா, வீலின் ஓட்டை நீள்வட்டமாகத் தேய்ந்துவிட்டதா என்று பார்க்க வேண்டும். சக்கரத்தை வேறு ஹப்புக்கு மாற்றிப் பார்த்தால் உடைப்பு சக்கரத்தோடு போகிறதா, ஹப்போடு நிற்கிறதா என்று தெரிந்துவிடும். (இந்தச் சோதனை நட்டைத் தினமும் சரிபார்த்துக்கொண்டு, மெதுவாக, ஆள் ஏற்றாமல் செய்ய வேண்டியது.) நாலு சக்கரத்திலும் என்றால் இறுக்குகிற முறையில் கோளாறு, அல்லது நட்டும் வீலும் பொருந்தவில்லை. பழைய வில்லிஸ் ஜீப் வைத்திருப்பவர்களுக்குத் தனிக் குறிப்பு: அதில் இடது பக்கச் சக்கரங்களுக்கு இடது மரை. தெரியாதவர் கழற்றுவதாக நினைத்துக்கொண்டு இறுக்கியே உடைத்துவிடுவார்.

2. எப்போது? டயர் மாற்றிய பிறகா, பிரேக் வேலை பார்த்த பிறகா, அலாய் போட்ட பிறகா? ஒவ்வொரு தடவையும் கிலோமீட்டர் முள்ளைக் குறித்து வைத்தால் மூன்றாவது தடவை காரணம் தானாகவே முகத்தைக் காட்டும்.

3. எப்படி உடைந்தது? இதற்கு மைக்ராஸ்கோப் தேவையில்லை. மாமல்லபுரம் கடற்கரையில் அலை பின்வாங்கும்போது மணலில் வளைவு வளைவாகக் கோடு விட்டுப் போகும், பார்த்திருப்பீர்கள். உடைந்த முகத்தில் அதே மாதிரி வளைகோடுகள் இருந்தால் அது ஒரே நாளில் உடைந்தது இல்லை. கொஞ்சம் கொஞ்சமாக விரிசல் ஓடி, மிச்சமிருந்த துண்டு கடைசியில் சொரசொரப்பாகப் பிய்ந்திருக்கிறது. பொறியியலிலேயே இவற்றுக்குக் கடற்கரைத் தடங்கள் என்றுதான் பெயர். பொருள்: பிடிப்பு தளர்ந்து ஸ்டட் பலகாலம் வளைந்து வளைந்து களைத்திருக்கிறது. மாறாக, உடைந்த இடத்துக்குப் பக்கத்தில் இடுப்பு சிறுத்து, மரையின் இடைவெளி நீண்டிருந்தால் அளவுக்கு மீறி இறுக்கியதன் அடையாளம். இரண்டும் கலந்தும் இருக்கலாம். கன் நீட்டி வைத்ததைத் தளர்ச்சி வந்து முடித்து வைக்கும்.

4. நட்டு எப்படி உட்காருகிறது? இதைத்தான் யாரும் பார்ப்பதே இல்லை. பல கார்களின் நட்டு கூம்பு வடிவம். ஹோண்டாவின் கம்பெனி நட்டு உருண்டை வடிவம். டொயோட்டாவின் சில கம்பெனி அலாய்களுக்கு வாஷர் வைத்த தட்டை நட்டு. வெளியில் வாங்குகிற அலாய் வீல் பெரும்பாலும் கூம்புக்கானது. கூம்புக் குழியில் உருண்டை நட்டைப் போட்டால் முழுப் பரப்பும் தொடாது, ஒரு கோடுதான் தொடும். இறுக்கும்போது 'கிண்' என்று நிற்கும், ஐம்பது கிலோமீட்டரில் தளரும்.

அலாய் என்று வந்ததால் இன்னும் இரண்டு. ஃபியட் பாலியோ மாதிரிக் கார்களின் போல்ட் வட்டம் 98 மி.மீ. சந்தையில் எளிதாகக் கிடைப்பது 100 மி.மீ. வீல். "ரெண்டு மில்லிதானே சார்" என்று இழுத்து மாட்டினால் ஒவ்வொரு போல்ட்டும் பிறந்த நாளிலிருந்தே கோணல். அதேபோல வீலின் நடு ஓட்டை ஹப்பைவிடப் பெரிதாக இருந்தால் வீல் நடுவில் உட்காராது. அதற்குரிய ஹப் ரிங் போட வேண்டும். ஸ்பேசர் வைத்துச் சக்கரத்தை வெளியே தள்ளி 'லுக்' காட்டுகிறவர்கள், நெம்புகோல் பாடத்தை ஒருமுறை படித்துவிட்டு வரலாம்.

பழைய இரும்பு ரிம்முக்குப் பெயிண்ட் அடிக்கும்போது ஹப் படுகிற முகத்திலும் மொத்தமாக அடித்துவிடுகிறார்கள். பெயிண்ட் நசுங்கும், நட்டு தளரும். ஸ்டட் மாற்றும்போது பல் வைத்த கழுத்தை ஹப் ஓட்டைக்குள் பிரஸ் வைத்து முழுதாக ஏற்றாமல், நட்டைப் போட்டுக் கன்னாலேயே இழுத்து ஏற்றுகிறார்கள். பாதியில் நின்ற ஸ்டட் ஓடும்போது மீதி ஏறும், நட்டு தளரும். ஓட்டை தேய்ந்து ஸ்டட் சுற்ற ஆரம்பித்தால் சிலர் வெல்டிங்கே வைத்துவிடுகிறார்கள். பக்குவப்படுத்திய இரும்பை அந்தச் சூடு கெடுத்துவிடும். அந்த ஹப்பைத் தூக்கிப் போடுவதைத் தவிர வேறு வழி இல்லை.

ஒரு ஸ்டட் உடைந்து அப்படியே ஓடியிருந்தால் அதன் சுமை பக்கத்து ஸ்டட்டுகளின் மேல்தான் விழுந்திருக்கும். உடைந்ததை மட்டும் மாற்றிவிட்டு, களைத்துப்போன மற்ற மூன்றையும் விட்டுவைப்பது மிச்சம் பிடிப்பது ஆகாது. அந்தச் சக்கரத்தின் எல்லா ஸ்டட்டும் நட்டும் ஒன்றாக மாற வேண்டும்.

தொழிற்சாலைக்கும் பஞ்சர் கடைக்கும் நடுவில்

இதில் வயிறெரிய வைப்பது ஒன்று உண்டு. நடப்பது ஏதோ கார் தெரியாத ஊரில் இல்லை. 2022 வரை ஃபோர்டு கார்கள் உருவான மறைமலைநகர் இந்த மாவட்டத்தில்தான் இருக்கிறது. மகிந்திராவின் ஆராய்ச்சி மையம் செங்கல்பட்டை ஒட்டிய மகிந்திரா சிட்டியில் இருக்கிறது. நவீன கார்த் தொழிற்சாலையில் வீல் நட்டு குருட்டாம்போக்கில் ஏறுவது இல்லை. அளவு வைத்த மெஷின் இறுக்கும். அளவு வரவில்லை என்றால் வண்டியை விடாது.

அந்தக் கார் கேட்டைத் தாண்டி ஜி.எஸ்.டி. ரோட்டில் இறங்கி முதல் பஞ்சர் ஆகிற நிமிடத்தோடு அத்தனை ஒழுங்கும் முடிந்தது. அதற்குப் பிறகு அந்த நட்டு எவ்வளவு இறுகியிருக்கிறது என்று இந்த உலகத்தில் யாருக்கும் தெரியாது. டார்க் ரெஞ்ச் என்கிற ஒரு கருவி, சில ஆயிரம் ரூபாய், லட்ச ரூபாய் பேலன்சிங் மெஷின் வைத்திருக்கிற கடையிலும் கேட்டால் முழிக்கிறார்கள்.

கடைக்காரரை மட்டும் திட்டிப் பிரயோஜனம் இல்லை. அலாய் செட்டுக்கு ஐம்பதாயிரம் எண்ணிக் கொடுக்கிறவர், பொருத்தமான நட்டு செட்டுக்கு ஆயிரம் கேட்டால் பேரம் பேசுகிறார். ஹப் முகத்தைத் தேய்க்கக் கடைப் பையன் உட்கார்ந்தால் "சீக்கிரம் தம்பி, நேரமாச்சு" என்று விரட்டுகிறார். நிதானமாகச் செய்கிற கடைக்குக் கூடுதலாக ஐம்பது ரூபாய் தர மனமில்லாத ஊரில் நிதானமான கடை எப்படிப் பிழைக்கும்? தரச் செலவு என்று காமர்ஸில் ஒரு பாடம் உண்டு. தடுப்பதற்கு ஆகிற செலவு கண்ணுக்குத் தெரியும், அதனால் வெட்டுவார்கள். தவறினால் ஆகிற செலவு பிறகு வரும், அதனால் மறப்பார்கள்.

பில் யார் பேருக்கு?

"என் வண்டி, என் ஸ்டட், உங்களுக்கென்ன?" என்று கேட்கலாம். கழன்ற சக்கரம் வண்டிக்காரரைத் தேடி வருவதில்லை. வண்டி ஓரமாக உரசிக்கொண்டு நின்றுவிடும். சக்கரம்தான் தன்பாட்டுக்கு உருண்டு போகும். ஈ.சி.ஆரில் நடந்து போகிறவர், டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்திருப்பவர், மீன் கூடையோடு பஸ்ஸுக்கு நிற்கிற அம்மா... பில் அவர்கள் பேருக்குப் போகும்.

இது கற்பனைப் பயம் இல்லை. 2002 ஜனவரி 10, ஜப்பானின் யோகோஹாமா நகரம். ஓடிக்கொண்டிருந்த ஒரு மிட்சுபிஷி கனரக லாரியின் ஹப் உடைந்து முன் சக்கரம் கழன்று உருண்டது. இரண்டு குழந்தைகளோடு நடந்து போய்க்கொண்டிருந்த 29 வயதுத் தாய் இறந்தார், குழந்தைகள் காயம்பட்டார்கள். நிறுவனம் என்ன சொன்னது? "பராமரிப்பு சரியில்லை." அதற்கு முன்னாலும் அதே மாதிரி ஹப்கள் உடைந்திருந்தன. ஒவ்வொன்றுக்கும் அதே பதில், உடைந்ததற்குப் பதில் வேறொன்று. 2004-ல்தான் ஹப்பின் வடிவமைப்பிலேயே குறை என்று ஒப்புக்கொண்டு வண்டிகளைத் திரும்ப அழைத்தார்கள். அதிகாரிகள் கைதானார்கள். உடைந்தது ஸ்டட் இல்லை, ஹப். ஆனால் கதை ஒன்றுதான். திரும்பத் திரும்ப உடைவதைத் தனித்தனிச் சம்பவமாகப் பார்த்தார்கள்.

இதற்கு நேர் எதிரான உதாரணமும் ஜப்பானிலிருந்தே வந்தது. 2022 ஜூனில் டொயோட்டா தன் புத்தம்புது மின்சாரக் காரான பிஇசட்4எக்ஸில் சுமார் 2,700 வண்டிகளைத் திரும்ப அழைத்தது. கடுமையான திருப்பத்திலும் திடீர் பிரேக்கிலும் ஹப் போல்ட் தளர்ந்து சக்கரம் கழலலாம் என்பது காரணம். புது போல்ட்டைக் கையில் கொடுத்து அனுப்பிவிடவில்லை. ஏன் தளர்கிறது என்று தெரிகிற வரைக்கும் ஓட்டாதீர்கள் என்று சொன்னது. உற்பத்தியையே நிறுத்தியது. அக்டோபரில்தான் மறுபடி தொடங்கியது. உலகத்தின் மிகப் பெரிய கார் கம்பெனியே போல்ட் தளர்வுக்குக் காரணம் தேட மாதக் கணக்கில் எடுத்துக்கொண்டது. பஞ்சர் கடை வாசலில் நின்றபடி ஒரே பார்வையில் "டூப்ளிகேட் சார்" என்று தீர்ப்புச் சொல்லிவிடுகிறார்கள்!

இந்தியாவிலும் மோட்டார் வாகனச் சட்டத்தில் 2019-ல் செய்த திருத்தம் 110ஏ என்ற பிரிவைச் சேர்த்திருக்கிறது. ஒரு மாடலில் ஆபத்தான குறை இருந்தால் திரும்ப அழைக்கச் சொல்ல மத்திய அரசுக்கு அதிகாரம் உண்டு. ஆனால் குறை இருக்கிறது என்று தெரிவது எப்படி? ஸ்டட் மாற்றியதற்கு ரசீது கிடையாது. கிலோமீட்டர் குறித்தது கிடையாது. உடைந்த துண்டு குப்பையில். வவுச்சர் இல்லாத செலவை எந்த ஆடிட்டரும் ஏற்க மாட்டார். பதிவு இல்லாத உடைப்பை எந்தச் சட்டத்தாலும் எண்ண முடியாது.

ஆகவே, டயர் கடைக்குப் போகிற ஒவ்வொருவரும் கேட்க வேண்டியவை பெரிய விஷயங்கள் இல்லை. ஹப் முகத்தைத் தேய்க்கச் சொல்லுங்கள். நட்டைக் கையால் ஏற்றி, எதிரெதிராக மாற்றி மாற்றி, கடைசி இறுக்கத்தை டார்க் ரெஞ்ச்சால் வைக்கச் சொல்லுங்கள். இல்லை என்றால் அது இருக்கிற கடைக்குப் போங்கள். நூறு கிலோமீட்டருக்குள் ஒரு தடவை மறுபடி சரிபாருங்கள். ஸ்டட் உடைந்தால் துண்டைக் கேட்டு வாங்குங்கள், ரசீதில் சக்கரத்தின் பெயரையும் கிலோமீட்டரையும் எழுதச் சொல்லுங்கள். இரண்டாவது தடவையும் உடைந்தால், காரணம் தெரிகிற வரைக்கும் அந்த வண்டியில் குடும்பத்தை ஏற்றாதீர்கள்.

உருவத்தைப் பார்த்து யாரையும் இகழக் கூடாது என்று சொல்ல வந்த வள்ளுவர் எடுத்துக்கொண்ட உதாரணம் தேரின் அச்சாணி. அந்தக் குறளைப் பள்ளிக்கூடத்தில் மனப்பாடம் செய்யாதவர் நம்மூரில் குறைவு. நட்டை எந்த அளவுக்கு இறுக்கினார்கள் என்று கடையில் நின்று கேட்பவர் அதைவிடக் குறைவு.